குறுக்கே பேசக் கற்பித்தவருக்கு

பேச்சில் பெருமழையே, பிடிவாதத்தில் பெருமலையே, மாணவர்களுக்குப் பொறுமையைப் போதித்து எங்களிடமிருந்த பொறுமையைப் போக்கிய பெருந்தகையே, பணி ஓய்வு பெறும் எங்கள் பயிற்சி நிலையத்தின் இரண்டாம் நிலை இத்தாலிய மொழி ஆசிரியையே, வணக்கம்.

தாங்கள் ஒருநாளும் வகுப்புக்குத் தாமதமாக வந்ததில்லை. ஒருநாளும் நேரத்துக்கு முடித்ததுமில்லை. காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கிக் குலுக்கி அலுத்துப்போய், கடைசியில் சாவியைத் தங்களிடமே கொடுத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்.

முதல் நிலையில் வழி கேட்கவும் காபி கேட்கவும் கற்றவர்கள் தங்களிடம் வருவார்கள். சாப்பாட்டுக்குப் பின் பால் கலந்த காபி கேட்டால் இத்தாலியில் பரிமாறுபவரின் முகம் ஏன் மாறுகிறது என்பதையும், 'உள்ளே வாங்க' என்று அழைத்த பிறகும் வாசலில் நின்று ஏன் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் தங்களிடம் கற்றார்கள். ஆண்டுக்கணக்கில் கற்றார்கள். மூன்றாம் நிலைக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை.

இதில் அடிபட்டவர் எங்கள் மூன்றாம் நிலை ஆசிரியர். தங்கள் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். அந்தப் பக்கம் அவருடைய எதிர்கால மாணவர்கள் நிறைந்திருப்பார்கள். இந்தப் பக்கம் அவர் காலி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். இந்தப் பருவத்திலும் ஆள் சேராவிட்டால் வகுப்பை மூடிவிட்டு அவரை வரவேற்பு மேசையில் உட்காரவைப்பதாக மேலாளர் சொல்லிவிட்டார். படித்த படிப்பெல்லாம் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கை காட்டவா என்று அவருக்கு வயிறு எரிந்தது. நேரே தங்களிடம் வந்தார்.

"மேடம், நாலு பேரையாவது அனுப்புங்க. அந்தப் பல் டாக்டர் நல்லாத்தானே பேசுறார்?"

"பேசுறார் தம்பி. நான் பேசி முடிச்ச பிறகு பேசுறார். இத்தாலியில யாரும் பேசி முடிக்கவே மாட்டாங்க."

அன்றுதான் அவருக்குத் தங்கள் அளவுகோல் தெரிந்தது. மேல்நிலைக்கு அனுப்புமுன் சோதிக்கத் தாங்கள் மாடிவீட்டுக்காரியாக நடிப்பீர்கள். மாணவர் கீழ்வீட்டில் குடியிருப்பவர். மேலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, அவர் சண்டைக்கு வரவேண்டும். தாங்கள் மூச்சு விடாமல் சாக்குச் சொல்வீர்கள். அவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். தங்கள் பேச்சு ஓயும்போது, கணக்குப்படி கீழ்வீட்டுக் கூரையே இடிந்து விழுந்திருக்கும். அதன் பிறகு அவர் பிழையில்லாத இத்தாலிய மொழியில் நன்றி சொல்வார். தாங்கள் அவரை மறுபடியும் அதே வகுப்பில் உட்காரவைப்பீர்கள்.

"குறுக்கே பேசணும்னு அவங்ககிட்ட சொல்லிட வேண்டியதுதானே மேடம்?"

"சொன்னா கையைத் தூக்கிட்டுக் குறுக்கே பேசுவாங்க. சொல்லக்கூடாது. நான் சின்ன வயசுல அங்க ஒரு வீட்டுல தங்கிப் படிச்சேன். சாப்பாட்டு மேசையில மரியாதையா வாயை மூடிட்டு இருந்தேன். பொண்ணுக்கு உடம்பு சரியில்லைன்னு டாக்டரைக் கூப்பிட்டுட்டாங்க."

சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டுப் போனவர் மறுவாரமே சொல்லிவிட்டார். வேலை போகும் நிலையில் இருப்பவரை இதற்காகக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. தங்கள் மாணவியான தையல்கடைக்காரம்மாவை நடைவழியில் நிறுத்தி, "அக்கா, டீச்சர் பேசும்போது இடையில புகுந்து பேசுங்க, மேல அனுப்பிடுவாங்க" என்றார்.

"டீச்சர் பேசும்போதா? என்ன தம்பி, என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

ஆனாலும் அன்று அவர் துணிந்தார். தாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, கையைத் தூக்கி, "டீச்சர், குறுக்கே பேசலாமா?" என்று கேட்டார். தாங்கள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக மூன்றாம் நிலை ஆசிரியரைப் பார்த்தீர்கள். அவர் குனிந்து, ஏற்கெனவே துடைத்த நாற்காலியை மறுபடி துடைத்தார்.

பருவம் முடியப்போனது. மேலாளர் மூன்றாம் நிலை அறையை அளக்க ஆள் அனுப்பினார். தங்களுக்கு அதுவும் தெரியும். அப்படியும் ஒருவரைக்கூட மேலே விடவில்லை. அந்த நாட்களில் ஓய்வறையில் நாங்கள் தங்களைப் பற்றிப் பேசியதை இந்த மடலில் எழுத முடியாது.

கடைசி வகுப்பன்று தங்கள் அறையின் ஏசி பழுது. பல் டாக்டர் அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். வாழ்நாளெல்லாம் எதிரே இருப்பவரின் வாயைத் திறக்கவைத்துப் பேசவிடாமல் செய்பவர், தங்கள் முன் மட்டும் வாயைத் திறந்ததில்லை. மாடிவீட்டுக்காரியாகத் தாங்கள், என் வீட்டில் சொட்டுத் தண்ணீர்கூட ஒழுகவில்லை என்று சாதித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் உச்சந்தலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு தண்ணீர் சட்டைக் காலருக்குள் இறங்கிவிட்டது.

"ஸ்கூசி" என்றார். மன்னிக்க வேண்டும் என்று பொருள். ஆனால் அவர் அதை மேசையில் தட்டிச் சொன்னார். தாங்கள் நிறுத்தவில்லை, அவரும் நிறுத்தவில்லை. இதோ என் தலை, இதோ உங்கள் தண்ணீர் என்று அரைகுறை இத்தாலிய மொழியில் எகிறினார். ஒரு பெண்பிள்ளையிடம் இப்படியா பேசுவது என்று தையல்கடைக்காரம்மா மாடிவீட்டுக்காரிக்குப் பரிந்துகொண்டு, அதே மொழியில் அவர்மேல் பாய்ந்தார். வங்கிக் காசாளர் இருவரையும் சமாதானம் செய்யப் போய், இருவரையும்விட உரக்கக் கத்தினார். ஒருவர் வாக்கியத்தின் பாதியில் இன்னொருவர் ஏறினார். பிழைகளை எண்ணவே முடியாது.

சத்தம் கேட்டு மூன்றாம் நிலை ஆசிரியர் ஓடிவந்தார். "என்ன ஆச்சு? ஒரு நிமிஷம் எல்லாரும் சும்மா இருங்க" என்றார். அவரை யாரும் மதிக்கவில்லை. தாங்கள் பலகையில் சாய்ந்து, வாய் மூடி, கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த அறையில் தங்களை அப்படி அவர் பார்த்ததேயில்லை.

"தம்பி, எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. இனிமே உங்க பாடு" என்றீர்கள்.

வகுப்பு பிழைத்தது. அறையை அளந்தவர் திரும்பி வரவில்லை. நாற்காலிகள் நிறைந்து இரண்டு வாரம் ஆகிறது. நேற்று மூன்றாம் நிலை ஆசிரியர் ஓய்வறைக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒரு வாக்கியத்தை முடிக்க விடமாட்டேங்குறாங்க மேடம். வருகை எடுக்கக்கூட முடியல" என்றார். தாங்கள் தேநீரை ஊதிக் குடித்துவிட்டு, "முடிக்காதீங்க" என்றீர்கள். அவர் கோபத்தோடு எழுந்துபோனார். ஆனாலும் மணி அடிப்பதற்குள் வகுப்புக்குப் போய்விட்டார்.

தங்களால் எங்கள் தலைவலி மாத்திரைகள் தீர்ந்தன. தங்கள் பிடிவாதம் சரியென்று இந்த மடலில் ஒப்புக்கொள்ள எங்களில் சிலர் இன்னும் மறுக்கிறார்கள்.

தாங்கள் நலமோடும் நல்ல குரலோடும் நெடுங்காலம் வாழ்க. தாங்கள் பேசும்போது மரியாதையாக வாய் மூடியிருப்பவர்கள் மட்டும் நிறைந்த வீடு தங்களுக்கு வாய்க்காதிருக்கட்டும். பாதிப் பேச்சில் யாராவது புகுந்து தங்களை மறுத்துக்கொண்டே இருக்கட்டும்.

அன்பும் அலுப்பும் குறையாமல்,
மொழிப் பயிற்சி நிலையப் பணியாளர்கள்