மச்சுக்கு அடியில் படுத்த ஆசாரி

கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் மூத்தவளிடம் சொன்னாள்:

"நேத்து ஆசாரி எங்கூட்டு மச்சுக்கு அடியிலயே படுத்துத் தூங்கிட்டாருங்கக்கா."

"ஏனம்மிணி, வேலைய உட்டுப்போட்டா?"

"வேலை முடிஞ்சுதுங்க. பழைய உத்தரத்தையெல்லாம் கறையான் தின்னுபோச்சு. இப்பப் பலாவுல புதுசாப் போட்டு, கடலை மூட்டை அடுக்குன மச்சை ரூமாக்கறமுங்க. மருமகதான், அதுக்கடியில கொழந்தையப் படுக்கப்போட மாட்டேன்னுட்டா."

"உழுந்துருமோன்னு பயம் இருக்குமில்ல."

"ஆசாரி என்ன பண்ணுனாருன்னா, இருந்த மூட்டையெல்லாம் மேல ஏத்தச் சொல்லிப்போட்டு, நேரா அடியில துண்டை விரிச்சுப் படுத்தாரு. கொஞ்ச நேரத்துல கொறட்டை."

"மருமக?"

"கொழந்தையக் கொண்டாந்து அவரு பக்கத்துல படுக்கவெச்சுட்டு, சத்தம் போடாதீங்கன்னு எங்களை வெளிய தொரத்துறாளுங்க."