புது டப்பாவில் பழைய சென்சார்

“பாப்பா, உனக்குக் கோவமே வராதா?” என்று முனிவேல் மாமா ஒருமுறை கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். அது பொய் இல்லை. எனக்குக் கோபம் வருவது அபூர்வம். அப்போது அவர் எங்கள் வீட்டு வாசலில் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, உள்ளே குனிந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். கை ஆடாமல் பிடிப்பேன் என்பதால் அந்த வேலைக்கு எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோபத்தில் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். யோசித்துத்தான் செய்தேன்.

கார் என் அக்கா சுகுணாவுடையது. ஏழு பேர் உட்காரும் பெட்ரோல் வண்டி. பழைய வண்டியாகத்தான் வாங்கினாள். நாகரசம்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள், புருஷன் சரியில்லை என்று தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓசூருக்கு வந்து, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். சூளகிரிப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களை ஏற்றி, கம்பெனி வாசலில் இறக்கிவிடுவது வேலை. பகல் ஷிப்டுக்கு அக்கா ஓட்டுவாள். இரவு ஷிப்டுக்கு அதே வண்டியை முனிவேல் மாமா ஓட்டுவார். கம்பெனிக்கு வண்டி விடும் ஒப்பந்தம் எங்கள் பெரியப்பா கோவிந்தப்பன் கையில் இருந்தது. பெட்ரோல் அவர் செலவு. அதனால் டிரைவர்களைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். மைலேஜ் என்ன என்றுதான் கேட்பார்.

நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். எழுந்து நின்று வாசி என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் டீச்சர், வாசிக்கும் வரை உட்காரக் கூடாது என்றார். பள்ளி விடும் வரை நின்றேன். அடுத்த நாள் போகவில்லை. அதன்பிறகு ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் அக்கா வீடுதான் எனக்கு எல்லாம். சமைப்பேன், துவைப்பேன், அவள் வந்ததும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் பேசுவாள், நான் கேட்பேன். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

சில நாள் அக்கா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவாள். ராசாத்தி என்று ஒரு பெண், பின்சீட்டிலிருந்து, “ஏன் சுகுணாக்கா, உன் தங்கச்சி வாய்க்குள்ள என்னா, ஏலக்கா வச்சுக்கிட்டுக் கீறாளா? தொறந்தா வாசம் போயிருமா?” என்பாள். வண்டி முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். முனிவேல் மாமா அப்படிக் கேலி செய்ய மாட்டார். அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரர். “மாத்தாடம்மா, ஒரே ஒரு வார்த்தை மாத்தாடு” என்று கன்னடத்தில் கையெடுத்துக் கும்பிடுவார். நான் பேசாவிட்டால், “சரி, நாளைக்குப் பேசு, கடன்ல வச்சுக்கறேன்” என்று வேலையைப் பார்ப்பார். நல்ல மனிதர். அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை.

வண்டி வாங்கிய போதே டாஷ்போர்டில் ஓர் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. பழைய சொந்தக்காரர் அதன்மேல் கறுப்பு டேப்பைச் சின்னதாக வெட்டி ஒட்டியிருந்தார். ஓசூரில் நிறைய டாக்சிகளில் அப்படித்தான். எரிவதைப் பார்த்தால்தானே பயம். பிறகு மைலேஜ் குறையத் தொடங்கியது. பெரியப்பா கத்தினார். முனிவேல் மாமாதான் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று கண்டுபிடித்தார். புகை போகும் குழாயில், என் நடுவிரல் நீளத்துக்கு ஒரு சாமான் திருகியிருக்கும். போகிற புகையை அது மோந்து பார்த்து, பெட்ரோல் அதிகமா குறைவா என்று வண்டிக்குச் சொல்லும். அது கெட்டுவிட்டால் வண்டிக்கு அளவு தெரியாது. தேவைக்கு மேலே குடித்துக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது, டேங்க் மட்டும் சீக்கிரம் காலியாகும்.

முதலில் அதைக் கழற்றி, டம்ளரில் பெட்ரோல் ஊற்றி ஊற வைத்து, கரியைத் துடைத்து மாட்டினார். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. மறுபடி குறைந்தது. பிறகு புதிதே வாங்கி வந்து மாட்டினார். மைலேஜ் ஏறியது. விளக்கும் அணைந்திருக்கும். ஆனால் டேப்பை யாரும் உரிக்கவில்லை. உரித்தால் பசை நிற்கும், அசிங்கமாக இருக்கும் என்று அக்கா விட்டுவிட்டாள்.

இந்த ஊர் ஒர்க்‌ஷாப்களில் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமானை மாற்றினாலும், கழற்றிய பழையதைப் புதியது வந்த டப்பாவிலேயே போட்டு வண்டிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. முனிவேல் மாமாவும் பழைய சென்சாரைப் புது டப்பாவில் போட்டு அக்காவிடம் கொடுத்தார். அக்கா அதை வாங்கி அரிசி டின்னுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தாள். பழையது இருக்கிறது என்று தெரிந்த டப்பாவை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அந்த மாதத்தில்தான் அக்கா என்னிடம் சொன்னாள், முனிவேல் மாமாவைக் கட்டிக்கொள்ளப் போவதாக. சந்தோஷமாகச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு அத்திப்பள்ளிக்குப் போய்விடுவாளாம். எனக்குக் கம்பெனி ஹாஸ்டலில் இடம் பேசியிருக்கிறாளாம். ஒரு ரூமில் எட்டுப் பெண்கள், சாப்பாடு அங்கேயே, வேலை சுலபம். “நாலு பேரோட பழகுனா எல்லாம் சரியாப் போயிரும் காவேரி” என்றாள். நான் தலையாட்டினேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் தூங்கப் போனாள்.

காலை ஷிப்டை இறக்கிவிட்டு அவள் பகலில் வந்து தூங்கும்போது வண்டி வாசலில் நிற்கும். ஸ்பேனர் முனிவேல் மாமாவுடையது, டிக்கியில் இருக்கும். எதை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று டார்ச் பிடித்தே பார்த்திருந்தேன். புதியதைக் கழற்றி டப்பாவில் போட்டேன். டப்பாவிலிருந்த பழையதை வண்டியில் மாட்டினேன். கை கழுவிவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்தேன்.

வண்டி மறுபடி பெட்ரோல் குடிக்கத் தொடங்கியது. முனிவேல் மாமா பிளக்கைப் பார்த்தார், பில்டரைத் தட்டினார், டயருக்குக் காற்றடித்தார். சென்சாரை மட்டும் தொடவில்லை. தன் கையால் புதிதாக மாட்டியதை ஒருவர் எப்படிச் சந்தேகப்படுவார். அவர் குழம்பி நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

வண்டியை ஓட்டுவது இரண்டே பேர். ஒருத்தி சொந்தக்காரி. அதனால் பெரியப்பா வேறு எதையும் யோசிக்கவில்லை. ராத்திரி வண்டியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சி அத்திப்பள்ளியில் விற்கிறான் என்று சொல்லத் தொடங்கினார். அக்கா முதலில் சண்டை போட்டாள். பிறகு சண்டையை நிறுத்தினாள். பிறகு டேங்க் முள்ளை அடிக்கடி பார்க்க ஆரம்பித்தாள். ஒரு முறை என் முன்னாலேயே அவரிடம், “ராத்திரி எங்க எங்க நிறுத்தற?” என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. இவ்வளவு போதும், கல்யாணம் நின்றுவிடும் என்று நான் நினைத்தேன். அத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அடுத்து நடந்தது என் ஏற்பாடு இல்லை. பெரியப்பாவின் ஆட்கள் என்னைக் கூப்பிட்டார்கள், நான் போனேன்.

பாகலூர் ரோட்டில் பெரியப்பாவின் ஷெட். காலை ஷிப்டை இறக்கிவிட்டு வந்த வண்டிகள் நின்றன. ஊருக்குத் திரும்ப வேண்டிய இரவு ஷிப்டுப் பெண்களும் நின்றார்கள், அந்த வாரம் இரவு ஷிப்டிலிருந்த ராசாத்தியும் இருந்தாள். நடுவில் முனிவேல் மாமா. அவருடைய சட்டைப் பொத்தான்கள் ஏற்கெனவே அறுந்திருந்தன. பெரியப்பாவிடம் வேலை செய்யும் கங்கப்பன் அவர் பின்னால் நின்றான். அக்கா ஒரு தூணோரம் இருந்தாள்.

பெரியப்பா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “வண்டி நிக்கறது இவங்க ஊட்டு வாசல்ல. இது வாயே தொறக்காத புள்ள. இதுக்குப் பொய் சொல்லவும் தெரியாது.” பிறகு என்னிடம் குனிந்து, மெதுவாக, “பயப்படாத தாயி. நீ பேச வேணாம். இவன் பெட்ரோல் எடுத்தத நீ பாத்தியா?” என்றார்.

முனிவேல் மாமா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. நான் வந்ததால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார் போல.

நான் தலையாட்டினேன்.

ஆமாம் என்று தலையாட்டி நான் பொய் சொன்னதாகச் சிலர் சொல்லக்கூடும். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

“சுகுணா, நீ சொல்லு” என்றார் முனிவேல் மாமா. அக்கா தரையைப் பார்த்தாள்.

இரண்டு பேர் அவருடைய வலது கையைப் பிடித்து நீட்டினார்கள். எங்கள் வண்டி பக்கத்தில் நின்றது. கங்கப்பன் என்னிடம், “பாப்பா, அந்தக் கதவத் தொற” என்றான். எதற்கென்று எனக்குத் தெரிந்திருந்தது. திறந்தேன். கதவைத் திறந்துவிட்டதுதான் நான். மூடியது கங்கப்பன். இரண்டாவது முறை மூடியதும் அவன்தான். பெண்களில் ஒருத்தி வாந்தி எடுத்தாள். ராசாத்தி அன்றைக்குச் சிரிக்கவில்லை. வண்டியின் வெள்ளைப் பெயின்டில் பட்டதை நான் வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தேன். காய்ந்துவிட்டால் போகாது.

மறுநாள் அக்கா தூங்கியதும், பழைய சென்சாரைக் கழற்றிவிட்டு டப்பாவிலிருந்த புதியதை மாட்டினேன். பழையதை டப்பாவில் வைத்தேன். அதை ஏன் செய்தாய் என்று கேட்கலாம். அக்காவின் மனதில் ஒரு சின்ன சந்தேகம் மிச்சம் இருந்தது. அது அவளைத் தூங்கவிடவில்லை. அவர் போனதும் மைலேஜ் தானாக ஏறினால் அவளுக்குத் தெளிவாகிவிடும் அல்லவா. அப்படியே ஆனது. பெரியப்பா, “இப்ப என்னா சொல்ற?” என்று அவளிடம் கேட்டுவிட்டு, எனக்கு ஒரு கூடை செந்தூரா மாம்பழம் அனுப்பினார். நல்ல பழம். அக்கா ஒன்றுகூடத் தொடவில்லை.

அதன்பிறகு ஓசூரில் எந்த முதலாளியும் முனிவேல் மாமாவுக்கு வண்டி கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அவரால் கியர் போட முடிந்திருக்காது, ஸ்டியரிங்கைப் பிடிக்க முடிந்திருக்காது. ஹாஸ்டல் பேச்சும் நின்றது. நானும் அக்காவும் முன்போலவே ஒன்றாகச் சாப்பிட்டோம். அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள், அவ்வளவுதான். இரண்டு பேரும் பேசாமல் இருக்கும் வீடு எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தட்டில் சோற்றைப் போட்டதும் அவளாகவே பேச ஆரம்பித்தாள். முந்தின நாள் கிருஷ்ணகிரிக்குச் சவாரி போனாளாம். மாங்கூழ் கம்பெனி வாசலில் லோடு இறக்கும் இடத்தில் அவரைப் பார்த்தாளாம்.

“கை கூடல” என்றாள். “எடது கையாலதான் கூடையத் தள்றான். என்னப் பாத்துட்டு ஒரு வார்த்த திட்டல. பாப்பா எப்பிடிக் கீதுன்னு கேட்டான்.”

நான் அவளுக்கு ரசம் ஊற்றினேன்.

“ஒனக்கு ஒண்ணு தெரியாது காவேரி. ஹாஸ்டல் என்னோட ரோசன. அவன் ஒத்துக்கவே இல்ல. அது பயந்துக்கும், நம்மளோட கெடக்கட்டும்னான். அத்திப்பள்ளி ஊட்ல ஒனக்குன்னு ஒரு ரூம்பு தடுத்து, ஜன்னல் வச்சான். நான்தான் கல்யாணத்தன்னிக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.” சோற்றைப் பிசைந்தாள். “அப்பிடிப்பட்டவன் எப்பிடிடி திருடுனான்? அது மட்டும் எனக்கு வெளங்கவே இல்ல.”

அந்த ஜன்னலைப் பற்றி நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். முன்பே தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். செய்திருப்பேன் என்றுதான் தோன்றியது. அங்கே போயிருந்தாலும் அவள் முதலில் அவருக்குத்தானே சோறு போடுவாள்.

ஆனால் அவள் விளங்காமல் தவிப்பதைப் பார்க்க முடியவில்லை. என்னால் தீர்த்து வைக்கக்கூடிய தவிப்பு அது.

“அவர் திருடலக்கா” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், இங்கே சொன்ன அதே வரிசையில். டப்பா, ஸ்பேனர், தலையாட்டியது, மறுநாள் திரும்ப மாட்டியது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. தொண்டை அடைக்கவே இல்லை. அவள் காதலித்த ஆள் நல்லவர்தான், அவளை யாரும் ஏமாற்றவில்லை, இனி அவள் நிம்மதியாக இருக்கலாம் என்றும் சொன்னேன். எல்லாம் நாம் இரண்டு பேரும் ஒன்றாக இருப்பதற்காகத்தான் என்று முடித்தேன்.

அக்கா கையில் பிசைந்து வைத்திருந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள். எழுந்து கை கழுவினாள். கொடியிலிருந்த துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கார் சாவி ஆணியில் தொங்கியது, அதைத் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற வண்டியைத் தாண்டி, பஸ் போகும் ரோட்டுப் பக்கமாக நடந்து போனாள்.

வெயில் அதிகமாக இருந்தது. சீக்கிரம் வந்துவிடுவாள் என்று அவள் தட்டை மூடி வைத்தேன்.