இருநூற்றுப் பன்னிரண்டும் ஒன்றும்

அந்தத் தொப்பி அவளுக்குச் சற்றுப் பெரிது என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, சொல்லவில்லை. சதுக்கமே கைதட்டிக்கொண்டிருக்கும்போது தொப்பியின் அளவைப் பற்றி யார் பேசுவார்கள்.

ஏர்ச் சின்னத்து வேட்பாளர் எங்கள் மலைக்கு வந்த நாள் அது. ஜனாதிபதி ஆகப்போகிறவர் என்று நாங்கள் நம்பியவர் தன் வைக்கோல் தொப்பியைக் கழற்றி அவுரிஸ்தேலாவின் தலையில் வைத்தார். அவள் தோளில் கைபோட்டு, "இவங்களை மாதிரி ஊருக்கு ஒருத்தர் இருந்தா போதும், நாடு தப்பிச்சிடும்" என்றார். அவுரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று கிடையாது. பிறகு ஒலிபெருக்கியை வாங்கி, "எங்க ஊர்ல ஒரு ஓட்டுகூட வெளிய போகாது ஐயா. அதுக்கு நான் பொறுப்பு" என்றாள்.

எங்கள் ஊருக்கு ஏர்ச் சின்னத்தைக் கொண்டுவந்தது நான். கஹமார்க்கா பட்டணத்துக்குப் பாலாடைக்கட்டி விற்கப் போன இடத்தில் அவர்கள் கூட்டத்தைக் கேட்டுவிட்டு, துண்டுப் பிரசுரங்களைக் கூடையின் அடியில் வைத்து எடுத்து வந்தேன். முதல் ஏர் என் வீட்டுச் சுவரில்தான் வரையப்பட்டது. கடிதங்கள், பெயர்ப் பட்டியல்கள் எல்லாம் என் கையெழுத்து. நான் ஊர்ச்சபையின் செயலாளர், சபைப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. அவுரிக்குத் தன் பெயரை எழுதவே கால்மணி நேரம் ஆகும். ஆனால் ஜனங்கள் நான் சொல்வதை முழுக்கக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "அவுரி என்ன சொல்றா?" என்பார்கள்.

இதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. அவள் மகள் யெசேனியாவுக்கு நான் ஞானத்தாய். பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆன நாளிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். உடன்பிறந்தவளைவிட ஒரு படி மேலான உறவு அது. அவுரிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. குளிர் பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். யூகலிப்டஸ் இலையைக் கொதிக்கவைத்து அவளை எத்தனை முறை ஆவி பிடிக்க வைத்திருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது.

வேட்பாளருக்குச் சமைத்ததும் நான்தான். அடுப்படியில் வளர்த்த ஆறு கூய்களை, அதாவது கினிப்பன்றிகளை, அறுத்து, பொரித்து, மிளகாய்க் குழம்பில் போட்டு வைத்தேன். அவர் விரலைச் சூப்பிவிட்டு அவுரியிடம், "உங்க கைப்பக்குவம் பிரமாதம்" என்றார். அவள் உடனே, "நான் இல்லைங்க, அதோ எங்க கொமாத்ரே ஓர்ஃபெலிண்டா" என்று என்னைக் கைகாட்டினாள். அவர் தூரத்திலிருந்து எனக்குக் கையசைத்தார். அவள் பெருந்தன்மைக்காரி. அவள் கொடுத்ததை எல்லாம் நான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தேர்தல் முடிந்து, எண்ணி, பள்ளிக்கூடக் கதவில் தாளை ஒட்டினார்கள். ஏர் இருநூற்றுப் பன்னிரண்டு. சாவி ஒன்று. செல்லாதது எதுவும் இல்லை.

சாவிச் சின்னம் எங்கள் ஏரியைச் சுரங்கத்துக்குக் கேட்கிறவர்களின் சின்னம். தாளின் முன்னால் நின்றவர்கள் அந்த ஒன்றை வெகுநேரம் பார்த்தார்கள். அவுரி விரலால் தொட்டுப் பார்த்தாள், மை தவறிச் சிந்தியிருக்குமோ என்பதுபோல. அவள் முகம் சுருங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நான்காம் நாள், நாடு முழுவதும் சேர்த்து வெறும் நாற்பதாயிரம் ஓட்டில் ஏர் தோற்றுவிட்டதாக வானொலி சொன்னது. தலைநகரத்தில் இருக்கிறவர்கள்மேல் கோபப்பட்டு என்ன ஆகும், அவர்கள் எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது அந்த ஒன்றுதான்.

காலையில் பால் வண்டிக்காகக் கேன்களோடு வரிசையில் நின்றோம்.

"லீமாக்காரனுங்க வேசம் போடுறது தெரிஞ்ச கதை. நம்ம ஊருக்குள்ளயே ஒரு வேசக்காரர் இருக்காரே, அதைச் சொல்லு" என்றாள் எர்மிலா.

"வாத்தியாரா இருக்கும்."

"வாத்தியாருக்கு ஓட்டு அவங்க ஊர்லடி."

"அப்போ உன் மாமியார்தான். கண்ணு தெரியாம மாத்திக் கீறியிருக்கும்."

"எங்க மாமியாருக்கா? என் புருஷன் சட்டைப்பையில இருக்கிறது மட்டும் பத்து அடிக்கு அந்தாண்ட இருந்தே தெரியுதே."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து நான் சொன்னேன். "யாரை வேணும்னாலும் சொல்லுங்க. அவுரியை மட்டும் சொல்லிடாதீங்க. அவ அப்படிச் செய்யமாட்டா."

அதுவரை யாரும் அவுரியைச் சொல்லியிருக்கவில்லை. நான் பேசியது முழுக்க அவளுக்குச் சாதகமாகத்தான். அங்கே இருந்த யாரைக் கேட்டாலும் அதைச் சொல்வார்கள்.

பிறகு வாளி. பிரச்சார நாட்களில் சாவிக்காரர்கள் வீட்டுக்கொரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள், மேலே பெரிய சாவிப் படம் போட்டு. எல்லாரும் வாங்கினோம். தோற்ற செய்தி வந்ததும் சிலர் உடைத்தார்கள், சிலர் கரண்டியைக் காய்ச்சிப் படத்தைத் தீய்த்தார்கள். அவுரியும் உடைக்கத்தான் கிளம்பினாள். "வாளி என்ன பாவம் பண்ணுச்சு கொமாத்ரே, கன்னுக்குட்டிக்குத் தண்ணி வைக்க ஆகுமே" என்றேன். வீணாக்குவது எனக்கு எப்போதுமே பிடிக்காது. இரண்டு நாள் கழித்து எர்மிலா என்னிடம் பாலாடைக்கட்டிக்கு உறைமருந்து கேட்டு வந்தாள். என்னிடம் இருந்தது. இருந்தாலும், "அவுரிகிட்ட நல்லதா இருக்கும், கொட்டாயிலதான் இருப்பா, நேரா அங்க போ" என்றேன். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: மேடையில ஏரு, கொட்டாயில சாவி.

எங்கள் பக்கம் போலீஸ் வருவதில்லை. ஊர்க்காவல் உண்டு, திருடனையும் துரோகியையும் சபை கூடி விசாரிக்கும். ஞாயிற்றுக்கிழமை அவுரியை நடுவில் நிற்கவைத்தார்கள். தலைவர் செகுந்தினோ விசாரித்தார். நான் புத்தகத்தில் எழுதினேன்.

"நான் ஏருக்குத்தான் போட்டேன். என் பொண்ணு மேல சத்தியம்."

"மேடையிலயும் இப்படித்தான் உருக்கமாப் பேசினே" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"வாளி எல்லார் வீட்லயும் இருந்துச்சே."

"இருந்துச்சு. உன் வீட்லதான் இன்னும் இருக்கு."

அவுரி என்னைப் பார்த்தாள். "கொமாத்ரேவைக் கேளுங்க. அவங்களுக்கு என்னைத் தெரியும்."

"நீ என்னம்மா சொல்றே ஓர்ஃபே?" என்றார் செகுந்தினோ.

நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். "அவ எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி. ஆனா ஓட்டுப் போடுற தடுப்புக்குப் பின்னால நான் எட்டிப் பார்க்கல."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதன் பிறகு ஊரில் உள்ள ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். எழுதுகிறவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாரும் சத்தியம் செய்துவிட, வாளி வைத்திருந்த அவுரிதான் துரோகி என்று சபை முடிவு செய்தது. தண்டனை எங்கள் வழக்கப்படியானது. ஏழு ஊர்க்காவல்களோடு, ஊருக்கு ஓர் இரவு, அவள் காவல் நடக்க வேண்டும். ஓர் ஊர் அவளை அடுத்த ஊரிடம் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கும். ஆளோடு போகிற தாளில் பெயர், குற்றம், உடல்நிலை என்று மூன்று விவரம் இருக்கும். நோயாளிகளை நடக்கவிடுவதில்லை, அவர்களுக்குப் பகலில் கல் சுமக்கும் வேலையோ அபராதமோ போட்டு விட்டுவிடுவார்கள். செகுந்தினோ களைத்துப்போயிருந்தார். "நீயே நிரப்பிடும்மா" என்றார்.

ஜூன் மாதம், எங்கள் மலையில் கடுங்குளிர்காலம். புல்லெல்லாம் உறைபனி. உடல்நிலை என்ற இடத்தில் நான் "நலம்" என்று எழுதினேன். அழகான கையெழுத்து என்னுடையது. அவுரியால் அதைப் படிக்க முடியாது. என்னிடம் கேட்டாள், "இளைப்பைப் பத்தி எழுதிட்டீங்கல்ல கொமாத்ரே?" என்று. "எல்லாம் எழுதியாச்சு" என்றேன். என் கம்பளிச் சால்வையை அவளுக்குப் போர்த்திவிட்டேன்.

முதல் மூன்று ஊர்களும் அவளை ஒப்படைத்துவிட்டன. நான்காவது ஊரின் மேட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நடிக்கிறாள் என்று நினைத்தார்களாம். தாளில் நலம் என்று இருந்ததே. கழுதையின் மேல் கொண்டுவந்து இறக்கினார்கள். நான்தான் குளிப்பாட்டினேன். வேறு யார் செய்வது.

அந்த ஓட்டு என்னுடையது. இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. சாவிக்காரர்களை எனக்குப் பிடிக்காது, ஏரி எனக்கும் வேண்டும். தடுப்புக்குப் பின்னால் பென்சிலை எடுத்தபோது அவள் மேடையில் சொன்ன சொல்தான் என் காதில் இருந்தது, ஒரு ஓட்டுகூட வெளியே போகாது என்றது. என் ஓட்டுக்கு அவள் எப்படிப் பொறுப்பாக முடியும்? அவள் கணக்கில் ஒன்றே ஒன்று குறையட்டும் என்று நினைத்தேன். அதிகமாக எதையும் ஆசைப்படவில்லை.

நேற்று மத்தியானம் யெசேனியா வந்தாள். பத்தொன்பது வயது. அம்மாவின் சிரிப்பு, பற்கள் முழுசாக. துரோகி வீட்டுப் பால் என்று அவள் கேனை யாரும் வண்டியில் ஏற்ற விடுவதில்லை. பொது மேய்ச்சலில் அவள் அம்மாவின் பங்கை எடுத்துவிடப்போவதாகப் பேச்சு. நான் உருளைக்கிழங்கு சூப் ஊற்றி வைத்தேன். அவள் தொடவில்லை.

"ஞானம்மா, ஞாயித்துக்கிழமை சபையில ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்கம்மா சாவிக்குப் போடலன்னு. நீங்க சொன்னா நம்புவாங்க."

"எனக்கு எப்படி மகளே தெரியும்?"

அவள் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போட்டது யாருன்னு எனக்கு வேண்டாம். நான் அதைக் கேட்கவும் மாட்டேன். அம்மா போடலன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

நான் நிதானமாக யோசித்தேன். அவுரிக்கு என்மேல் எப்போதும் கொஞ்சம் பொறாமை இருந்தது. எழுதத் தெரிந்தவள்மேல் எழுதத் தெரியாதவளுக்கு இருக்கும்தானே. அதை நான் ஒருநாளும் மனதில் வைத்துக்கொண்டதில்லை. அவள் மகளுக்கு என்னால் ஆனதைச் செய்யத்தான் விரும்பினேன். சூப்பை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"அது மட்டும் என்னால முடியாது மகளே" என்றேன். "யார் எதுக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு ஊரைக் கூட்டிச் சொல்றது தப்பு. நான் அப்படிப்பட்டவ இல்ல."