நஜாத் காக்காவுக்கு நற்சான்றிதழ் தேவையில்லை

அளவற்ற அருளாளனின் பெயரால் தொடங்குகிறேன்.

தலைமைக் கதிரையை அலங்கரித்தபடி, இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் மதிப்புக்குரிய ஜபார் ஹாஜியார் அவர்களே! பள்ளிவாசல் நிர்வாகத்தின் பெரியோர்களே! எங்கள் மனித உரிமை இயக்கத்தின் இலங்கைக் கிளைச் செயலாளராக, கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் சகோதரி கமறியா அவர்களே! வலையை உலரப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஆலங்குடாவின் தோழர்களே! வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, ஈரக் காலோடு வந்திருக்கும் குறிஞ்சிப்பிட்டியின் உழவர்களே! வண்ணாத்திவில்லுவிலிருந்து லொறி பிடித்து வந்திருக்கும் நண்பர்களே! பிள்ளைகளை மடியிலும் பொறுமையைத் தோளிலும் சுமந்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம். ஆயுபோவன்.

சலாமுக்குப் பதில் இவ்வளவுதானா? நான் காற்றாலையில் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். அங்கே ஆள் இல்லாமலே இதைவிடச் சத்தம் கேட்கும்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "சுருக்கமாக் கதைங்க தம்பி" என்கிறார். ஓம், சுருக்கமாகவே கதைக்கிறேன். அலங்கார வார்த்தைகள் இத்தோடு முடிந்தன. இனி நடந்தது மட்டும்தான்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிய நாட்கள். நாங்கள் தோணி இழுத்து ஏற்றும் கரையில் ஒரு கம்பனி வேலி போட வந்தது. எல்லோரும் கூடினோம். எல்லோரும் ஏசினோம். ஆனால் எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் போன்ற ஒருவரைத்தான் பொலிஸார் கொண்டு போனார்கள். நஜாத் காக்கா. எங்கே கொண்டு போனார்கள்? முதலில் சொல்லவில்லை. என்ன குற்றம்? கடைசிவரை சொல்லவில்லை. சட்டத்தரணியைப் பார்க்க விட்டார்களா? இல்லை. நீதவான் முன் நிறுத்தினார்களா? இல்லை. மாதம் ஒன்றானது, இரண்டானது, நான்கானது. அவருடைய மனைவி, எங்களுக்கெல்லாம் அக்காவான நஸ்லா தாத்தா, வாசல் வாசலாக நின்றார். ஒவ்வொரு வாசலும் அடுத்த வாசலைக் கை காட்டியது.

அப்போது ஊர் என்ன செய்தது?

தலைவர் கோபிக்கக் கூடாது. கோபித்தாலும் சொல்லத்தான் போகிறேன். ஊர் நற்சான்றிதழ் சேர்த்தது! பள்ளிவாசலில் ஒன்று, பாடசாலையில் ஒன்று, மீனவர் சங்கத்தில் ஒன்று, கிராம சேவகரிடம் ஒன்று. விளையாட்டுக் கழகத்திலும் ஒன்று. நஜாத் காக்கா பந்தைத் தொட்டதை இங்கே யாராவது கண்டீர்களா? பந்து அவருடைய மீன் வாடிக்குள் விழுந்தால் திரும்பி வராது என்பதுதான் எங்களுக்குத் தெரியும்.

சிரிக்கிறீர்கள். எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான்.

அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு இயக்கத்திடம் போனோம். சகோதரி கமறியா ஊருக்கே வந்தார். ஹாஜியார் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். "அமைதியே உருவானவர். பணிவானவர். எவரோடும் முரண்படாதவர். சம்பவத்தன்று வேலிப் பக்கமே போகாதவர்."

மூலையில் இருந்த நஸ்லா தாத்தா கேட்டார்: "இது யார்ட மாப்புள?"

கமறியா அடுத்த தாளை எடுக்கப் போனார்.

"இல்ல, கேக்கிறன். இப்பிடி ஒரு மனிசனோட நான் குடித்தனம் நடத்தினதா எனக்கு ஞாபகமில்ல. என்ட மாப்புள வாயத் தொறந்தா வாடியில நாயும் நிக்காது."

"புள்ள, கொஞ்சம் சும்மா இரிங்க" என்றார் ஹாஜியார். "அவர வெளிய எடுக்கத்தானே நாங்க பாடுபடுறம்."

கமறியா தாள்களை மடித்து வைத்தார். பிறகு, எங்கள் கிளை எப்படி வேலை செய்கிறது என்று சொன்னார். அதை நான் சொல்கிறேன், கேளுங்கள். இன்று நீங்கள் வந்ததே இதைக் கேட்கத்தான்.

இந்த இயக்கம் பல நாடுகளில் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கிளை. கிளைக்கு முதலாளி கிடையாது. அங்கத்தவர்கள் வருடம் ஒரு தடவை கூடுகிறார்கள், நிர்வாகத்தைத் தெரிவு செய்கிறார்கள், பிடிக்காவிட்டால் மாற்றுகிறார்கள். கொழும்பில் சட்டம் படிப்பிப்பவருக்கும் ஒரு வாக்கு. ஆலங்குடாவில் கருவாடு புரட்டுபவருக்கும் ஒரு வாக்கு. உலகக் கூட்டத்துக்கு யாரை அனுப்புவது, அங்கே என்ன பேசுவது என்பதையும் அந்த வாக்குகள்தான் தீர்மானிக்கின்றன. எந்த அரசாங்கத்திடமும் நன்கொடை வாங்குவதில்லை. வாங்கிய கையால் அந்த அரசாங்கத்துக்கு எதிராக எப்படி எழுதுவது?

இதுவரைக்கும் எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த விதியில்தான் அறை கொதித்தது. ஒரு கிளை தன் சொந்த நாட்டுக் கைதிக்காகப் பிரசாரம் செய்யாது. தகவலை வெளிநாட்டில் இருக்கும் ஆய்வுக் குழுவுக்கு அனுப்பும். அவர்கள் சரிபார்ப்பார்கள். சரி என்றால், மற்ற நாட்டுக் கிளைகள் நம் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதும்.

"அப்ப நாங்க?" என்று பாய்ந்தார், எனக்குப் பக்கத்தில் இருந்த அஹமட் மச்சான்.

"நீங்க வேற நாட்டு ஆளுக்கு எழுதுவீங்க."

"எங்கட ஆள் உள்ளுக்குக் கிடக்க, எவனோ ஒருத்தனுக்கு எழுதுறதா? இது என்ன விளையாட்டு?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். இங்கே இருந்து எழுதுகிறவனை இங்கேயே மிரட்டலாம். இங்கே இருக்கிறவனுக்கு இங்கே ஒரு கட்சி இருக்கும், ஒரு சொந்தம் இருக்கும், ஒரு பழைய பகை இருக்கும். கடலுக்கு அப்பால் இருக்கிறவனுக்கு நஜாத் காக்கா மாமாவுமில்லை, பகையாளியுமில்லை. ஆகவே அவன் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பான்: இந்த மனிதர்மீது என்ன குற்றச்சாட்டு? இது கோளாறான விதியல்ல தோழர்களே, கணக்குப் போட்டுச் செய்த விதி!

கமறியா அடுத்ததாகச் சொன்னதுதான் எல்லோரையும் உலுக்கியது. "இந்தச் சான்றிதழ்களோட இந்த விபரத்த அனுப்ப ஏலாது. ஆய்வுக் குழு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டெலிபோன் கோல் எடுக்கும். அவர் வேலிப் பக்கம் போகல்ல எண்டு ஒருத்தர் சொல்லி, போனார் எண்டு இன்னொருத்தர் சொன்னா, எல்லாம் அதோட முடிஞ்சிது. அவர் போனாரா, இல்லையா?"

ஹாஜியார் கூரையைப் பார்த்தார். அஹமட் மச்சான் தரையைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஓம் என்று சொன்னால் அந்த மனிதர் உள்ளேயே கிடப்பார் என்ற பயம் அத்தனை பேருக்கும் இருந்தது. அந்தப் பயம் யாருக்கு அதிகமாக இருந்திருக்க வேண்டும்? நஸ்லா தாத்தாவுக்கு அல்லவா?

அவர்தான் எழும்பினார்.

"போனார். ஏசினார். ஒரு வேலிக் கட்டையப் புடுங்கி எறிஞ்சார். நான் கண்ணால கண்டன். அதுக்குத் தண்டனை இருந்தா குடுங்க. ஆனா குற்றம் என்னண்டு சொல்லிட்டுக் குடுங்க. நாலு மாசமா நான் அத மட்டும்தான் கேட்டுத் திரியிறன்."

மனித உரிமை பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் இருந்திருக்கிறேன். தேநீரும் வடையும் தவிர ஒன்றும் ஞாபகமில்லை. இந்தச் சொற்கள் மட்டும் மறக்கவில்லை.

நாங்கள் எங்கே பிழை விட்டோம்? நல்லவனுக்குத்தான் நீதி கிடைக்கும் என்று நம்பினோம். ஆகவே நீதி கேட்குமுன் அவரை நல்லவராக்கப் பார்த்தோம். உங்கள் வீடுகளில் ட்ரிப் சுவிச் இருக்கிறது. பழுதான வயரில் கை பட்டால் அது விழுந்து மின்சாரத்தை நிறுத்தும். கை வைத்தவன் ஐந்து நேரம் தொழுகிறவனா என்று கேட்டுவிட்டா விழுகிறது? கடன் திருப்பித் தருகிறவனா என்று விசாரித்துவிட்டா விழுகிறது? நல்லவனுக்கு மட்டும் விழும் சுவிச்சை எந்த வீட்டில் பூட்டுவீர்கள்?

என் குடும்பம் தொண்ணூறாம் ஆண்டு, வடக்கு முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக விரட்டியபோது, மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம். இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். எங்கள் உம்மா வாப்பாமாரை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, யாராவது நற்சான்றிதழ் கேட்டார்களா? நல்லவர்கள் இருங்கள், மற்றவர்கள் போங்கள் என்றா சொன்னார்கள்? நற்குணம் நம்மைக் காக்கவில்லை. நம்மைக் காப்பாற்றியிருக்க வேண்டியது சட்டம். அது அன்று இருக்கவில்லை. இதைத் தெரிந்த நாமே சான்றிதழ் சேர்க்கப் போனோமே!

கைதட்ட வேண்டாம். நேரம் போகிறது.

சான்றிதழ்கள் ஹாஜியார் வீட்டு அலுமாரிக்குப் போயின. உண்மை மட்டும் ஆய்வுக் குழுவுக்குப் போனது. அவர்கள் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒருவர் கட்டை சவுக்கு என்றார், இன்னொருவர் தென்னை என்றார். பரவாயில்லை என்றார்கள், உண்மையைக் கண்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்கள். அதன் பிறகு, நமக்குப் பெயர்கூட வாய்க்குள் வராத ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன, அமைச்சுக்கும் சிறைச்சாலைக்கும். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. அந்த மாதங்களில் நாங்களும் இங்கே கூடி, வேறொரு நாட்டுச் சிறையில் கிடந்த ஒரு பஸ் சாரதிக்காக அதே கேள்வியை எழுதினோம். அஹமட் மச்சான்தான் முதலில் ஒப்பம் வைத்தார். முணுமுணுத்துக்கொண்டுதான் வைத்தார். வைத்தார்.

ஒரு நாள் நஜாத் காக்காவை நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். வேலியைச் சேதப்படுத்தியதாகக் குற்றப்பத்திரிகை வாசித்தார்கள். சட்டத்தரணி எழும்பினார். பிணை கிடைத்தது. இது கடிதங்களால்தான் நடந்ததா? தெரியாது. அளக்க முடியாததை அளந்தேன் என்று நான் சொல்வதில்லை. அந்தப் பஸ் சாரதி இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்பதையும் மறைக்க மாட்டேன்.

நஜாத் காக்கா எங்களுக்கு நன்றி சொன்னாரா? இல்லை. அலுமாரியில் கிடந்ததை வாசித்துவிட்டு, "என்னைய அமைதியானவன் எண்டு எழுதின ஆள் யாரு?" என்று ஹாஜியார் வீட்டுக்கே சண்டைக்குப் போனார். இதோ, கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரேயொரு கட்டையைப் பிடுங்கியதற்காக...

என்ன? என்ன சொல்கிறீர்கள்?

"ஒண்டில்ல தம்பி, ரெண்டு! ரெண்டும் நாந்தான் புடுங்கின!"

காக்கா, வழக்கு நடக்கிறது! உங்கள் சட்டத்தரணி முன்வரிசையில் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறார்!

சபையோரே, பாருங்கள். இந்த மனிதர் பணிவானவர் அல்ல. அமைதியானவர் அல்ல. ஒரு கட்டைக்கோ இரண்டு கட்டைக்கோ நீதவான் என்ன தண்டம் சொல்கிறாரோ அதைக் கட்டத்தான் போகிறார். ஆனால் தன்மீது என்ன குற்றம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் நடுக் கூட்டத்தில் நின்று சத்தம் போடுகிறார். போட்டுவிட்டு இன்று தன் வீட்டுக்கே போய்த் தூங்குவார். நாங்கள் கேட்டது இவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றுமில்லை, இதற்குக் கீழே எதையும் ஏற்கவும் மாட்டோம்!

அங்கத்தவராக விரும்புகிறவர்கள் வாசலில் படிவங்களோடு இருக்கும் சகோதரி நபீலாவைச் சந்தியுங்கள். நல்லவர்களும் சேரலாம்.

நேரம் தந்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட பெரியோருக்கும், பிள்ளைகளைத் தூங்க வைத்தபடியே கேட்ட தாய்மாருக்கும், குறுக்கே பேசிய நஜாத் காக்காவுக்கும் என் நன்றி. உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும். வஸ்ஸலாம்.