மூணாவது தேங்காய்

— மெதுவா மாப்ள, அண்டாவைத் தள்ளிடாத. கதவைச் சாத்திட்டு இப்படி உக்காரு.

— யாரு, மச்சானா? நீ இங்க என்ன பண்ற?

— உப்பு தேட வந்தேன்லா. அன்னதானத்துச் சாம்பார்ல உப்பு பத்தலையாம். கோயில் ஸ்டோருக்கு மனுஷன் வேற எதுக்கு வருவான்? நீ எதுக்கு இப்படி ஓடி வந்த?

— ஓடி வரல. சும்மாதான் வந்தேன்.

— கழுத்துல இம்மாம் பெரிய மாலையப் போட்டுக்கிட்டு சும்மாவா வந்த? மொதல்ல வேட்டியப் புடி, அவுருது.

— சும்மா இரு மச்சான். மூச்சே வரல.

— மெதுவா வரட்டும். பாக்கறது நானும் இந்த அரிசி மூட்டையும்தான். வெளிய எத்தனை தேங்காய் ஒடைச்சாங்க?

— மூணு. மூணாவது தேங்காய் கல்லுல பட்டுச் சிதறினப்ப நான் கோயில்லயே இல்ல மச்சான். சிம்பாங் அம்பாட் ரோட்டோரக் கால்வாய்ல, கவுந்து கெடந்த என் லோரிக்குள்ள இருந்தேன். டீசல் வாசம்கூட வந்துச்சு.

— வரும். முன் கண்ணாடிய இரும்புக் கம்பியால அடிச்சு ஒடைச்சு, ஒன்னை வெளிய இழுத்தவனே நான்தானே. அந்தச் சத்தமும் இந்தத் தேங்காய்ச் சத்தமும் கூடப் பொறந்ததுங்க.

— ஒம்போது மாசம் ஆச்சு. தேங்காய்தான்னு மூளைக்குத் தெரியுது. ஒடம்புக்குத் தெரிய மாட்டேங்குது.

— ஒடம்பு வீட்டு நாய் மாதிரி மாப்ள. ஒரு தடவ திருடன் வந்துட்டான்னா, அப்புறம் போஸ்ட்மேன் வந்தாலும் கொரைக்கும். அதுக்காக நாயைத் திட்டுவியா?

— என்னை நாய்ங்கற.

— ஒடம்பைத்தான் சொன்னேன். நீ நாயோட மொதலாளி. இப்ப ரெண்டு பாதத்தையும் தரையில நல்லா ஊணு. சில்லுன்னு இருக்கா?

— இருக்கு.

— இந்த ரூம்ல கண்ணுக்குத் தெரியறதுல அஞ்சு சாமான் சொல்லு.

— என்ன மச்சான், இந்த நேரத்துல கணக்கெடுப்பு?

— சொல்லுலா.

— அண்டா. அரிசி மூட்டை. சைக்கிள் டயரு. கோயிலுக்கு எதுக்கு சைக்கிள் டயரு? அப்புறம் போன வருஷத் திருவிழா பேனரு. அதுல நம்ம கோயில் தலைவரோட பல்லு.

— பல்லு பேனரோட சேத்தி. இன்னொண்ணு சொல்லு.

— ஒன் தொப்பை.

— அலாமாக், சிரிச்சுட்டான். மூச்சு வந்துச்சா?

— வந்துச்சு. இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?

— மலாக்காவுல ஒரு கிளினிக்கு. ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன், அங்க இருந்த நர்ஸு மிஸ்ஸி சொல்லிக் கொடுத்தாங்க. நல்ல மாதிரி. என்ன நடந்துச்சுன்னு தோண்டித் தோண்டிக் கேக்கவே இல்ல.

— அதுவே பெரிசு. என்னைப் பாக்க வந்தவங்க எல்லாம் ஆரஞ்சுப் பழத்தக் குடுத்துட்டு, லோரி எப்படிக் கவுந்துச்சுன்னுதான் கேட்டாங்க. ரோட்டுல ஒரு தடவ கவுந்தேன், வீட்டு ஹால்ல அம்பது தடவ கவுந்துட்டேன். அது சரி, யாரைக் கூட்டிக்கிட்டுப் போன?

— ஒனக்குத் தெரிஞ்ச ஆளுதான். கதை இருக்கட்டும், தங்கச்சி குரல் கேக்குது.

— ஏங்க, உள்ளயா இருக்கீங்க? அண்ணே, அவரு அங்கயா?

— இங்கதான் இருக்காரு பவானி. உள்ள வா. கதவை மட்டும் அடிச்சுச் சாத்தாத.

— எங்கம்மா தாயே, அங்க ஜனமே தேடுது. இவரு பொழைச்சு வந்தா நூத்தெட்டுத் தேங்காய் ஒடைக்கிறேன்னு அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். மூணோட நின்னா குத்தமாயிடாதா? வேலாயி அத்தை என்னடான்னா காத்து கருப்பு அடிச்சிருச்சு, மந்திரிச்சுக் கட்டணும்ங்கறாங்க. தலைவரு அதுக்கு மேல. இவரைக் கொண்டு வந்து கல்லு பக்கத்துலயே நிக்க வச்சா பயம் தெளிஞ்சிடுமாம்.

— தலைவரு ரெண்டு வருஷமா பல்லு டாக்டருக்குப் பயந்து ஒளிஞ்சுக்கிட்டு இருக்காரு. அவரை மொதல்ல அந்த நாற்காலியில உக்கார வை.

— வெளையாடாதீங்கண்ணே, எனக்கு அழுகையா வருது. ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— எப்படிச் சொல்ல பவானி? நூத்தெட்டுக்கும் நீயே மஞ்சள் தடவி, நீயே பொட்டு வச்ச. எனக்காக வேண்டிக்கிட்டது. அந்தச் சத்தமே எனக்கு ஆகலன்னு எந்த வாயால சொல்றது? வெக்கமா இருந்துச்சு.

— அன்னிக்கு நான் கண்ணாடிக் கிளாஸைக் கீழ போட்டதும் கொல்லையில போய் நின்னீங்களே, அதுவும் இதுதானா?

— அதுவும்தான்.

— கோவம்னு நெனச்சு நானும் ஒரு வாரம் பேசாம இருந்துட்டேனே.

— நீ எதுக்குப் பேசலன்னு அந்த ஒரு வாரமும் நான் மண்டைய ஒடைச்சுக்கிட்டேன்.

— நல்ல குடும்பம்லா. பவானி, இப்ப நீயும் முடிவு பண்ணாத, நானும் பண்ணல. மாப்ளகிட்டயே கேளு.

— சொல்லுங்க, வீட்டுக்குப் போயிடலாமா? அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன். மிச்சத் தேங்காய்க்கு ஊருக்கே சட்னி அரைச்சுடலாம்.

— வேணாம். பொழைச்சவன் நான், எனக்கும் அம்மனுக்கு நன்றி சொல்லணும்னு இருக்கு. எப்ப ஒடையப் போகுதுன்னு தெரியாம நிக்கறதுதான் முடியல.

— அப்ப எப்படிச் செய்யலாம்?

— நான் வாசல் கேட்டுப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். கல்லு என் கண்ணுக்குத் தெரியணும். ஒடைக்கறவங்க ஒவ்வொருத்தரா தேங்காயைத் தூக்கிட்டு என்னைப் பாக்கட்டும். தலையாட்டினா ஒடைக்கட்டும். ஆட்டலன்னா அப்படியே நிக்கட்டும்.

— இன்னும் நூத்தி அஞ்சு இருக்கு மாப்ள. கழுத்து சுளுக்கிக்கும்.

— சுளுக்கினா நீ தைலம் தேய்ச்சு விடு. பவானி, பாதியில எனக்கு முடியாமப் போச்சுன்னா?

— சட்னி. அவ்வளவுதான். நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.

— வேலாயி அத்தைகிட்ட என்ன சொல்லுவ?

— என் புருஷன் தலையாட்டாம இன்னிக்கு இந்தக் கோயில்ல ஒரு தேங்காயும் ஒடையாதுன்னு சொல்லுவேன். தீபாவளி வரைக்கும் அவங்களுக்குப் பேச அது போதும். நீங்க மெதுவா வாங்க.

— போயிட்டா மாப்ள, படை கெளம்பின மாதிரி போறா. எந்திரி. மாலையைச் சரி பண்ணிக்க, வேட்டியை இறுக்கிக் கட்டு.

— கட்டியாச்சு. வா மச்சான், போலாம். நீ என் பக்கத்துல நில்லு.

— நீ முன்னாடி போ. நான் உப்பு எடுத்துக்கிட்டு வந்துடறேன்.

— உப்புப் பாக்கெட்டு ஒன் மடியிலதான் இருக்கு. நான் வந்ததுலேருந்து அதைத்தான் பிசைஞ்சுக்கிட்டு இருக்க. ஓட்டையே போட்டுட்ட, கீழ பாரு.

— அலாமாக். ஆமாலா, தரையெல்லாம் உப்பு.

— மச்சான், அந்தக் கிளினிக்குக்கு யாரைக் கூட்டிக்கிட்டுப் போன?

— சாம்பார் ஆறிடும் மாப்ள.

— ஆறட்டும். அன்னிக்கு என் லோரிக் கண்ணாடிய எத்தனை அடி அடிச்ச?

— ஏழு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன் மூஞ்சி தெரியுது. நீ முழிச்சுப் பாக்கற. ஒவ்வொரு அடியும் ஒன் தலையில விழுந்துடுமோன்னு பயந்து பயந்து அடிச்சேன். பவானிக்கு என்ன பதில் சொல்றதுன்னு நெனச்சுக்கிட்டே அடிச்சேன்.

— இத்தனை நாளா என்கிட்டகூட சொல்லலையே.

— கவுந்தவன் நீ. அடிச்சவன் போய் எனக்கும் பயமா இருக்குன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?

— பாதத்தைத் தரையில ஊணு மச்சான். சில்லுன்னு இருக்கா?

— உப்பு குத்துது.

— குத்தட்டும், ஊணு. நான் மூணு தேங்காய் வரைக்கும் தாங்கினேன். நீ எத்தனையாவதுக்கு இங்க வந்த?

— மொதத் தேங்காய்க்கே வந்துட்டேன் மாப்ள.