கறுப்புன்னா காத்து

— கொடு இப்படி. ஸ்கேன் படத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கே. பதினோரு வருஷமா எதிர்வீட்டுல இருக்கேன், உன் புருஷன் மூக்கு எனக்குத் தெரியாதா?

— பாருங்கக்கா.

— போன வாரம் ஸ்கேன் எடுத்த தம்பி என்ன சொன்னார்? கறுப்புன்னா காத்து, சாம்பல்னா சீழுன்னார். இப்ப பாரு, இடது மூக்குக்குள்ள கன்னங்கரேல்னு கிடக்கு. சீழு போன இடம் தெரியல!

— ம்.

— என்னடி ம்? கண்ணு தப்பிச்சுதுடி! பூஞ்சை மூக்குலேர்ந்து கண்ணுக்கு ஏறிடும்னு டாக்டர் என்ன மிரட்டு மிரட்டினார். எலியைப் புலியாக்கற வாய். தெருக்கோடி தையக்காரி புருஷனுக்கும் இதே மூக்கடைப்புதான். நாலு நாள் ஆவி பிடிச்சான், இப்ப இன்னொரு கல்யாணத்துக்கே தயாரா நிக்கிறான்.

— அவருக்குச் சர்க்கரை இல்லக்கா.

— இவருக்கும் ஏதோ கொஞ்சம்தானே?

— நானூறு.

— நானூறா! எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ!

— கன்னத்தைக் கிள்ளினா தெரியலைன்னார். படுத்த பக்கம் மரத்திருக்கும்னு நானும் விட்டுட்டேன். நாலு நாள்.

— சரி, அதை விடு. இது காத்துதானே?

— இது நேத்து எடுத்த வேற ஸ்கேன்க்கா. கையில ஊசி வழியா மருந்து ஏத்தி எடுத்தது. ரத்தம் ஓடற இடமெல்லாம் பளிச்சுனு தெரியும். ஓடாத இடம் கறுப்பு.

— ஓடாத இடம்னா?

— செத்த சதை.

— அட பாவமே... மூக்கோட நின்னுடுச்சு இல்ல?

— விரலை மேல கொண்டுபோங்க. உருண்டையா இருக்கே, அது கண்ணு. அதுக்குப் பின்னாடி பாருங்க.

— இங்கேயும்... ஏன்டி, கண்ணை எடுக்கணும்னு காகிதத்தை நீட்டினா கையெழுத்து போட்டுத் தொலைக்காதே! என் நாத்தனாரோட மாமனார் கண் டாக்டர்கிட்ட கம்பவுண்டரா இருந்தவர், அவர்கிட்ட ஒரு வார்த்தை கேப்போம். உன் புருஷனும் வெளிய வரட்டும், அவர் கண்ணு, அவர்கிட்டயும் கேளு. இன்னொரு ஸ்கேனுக்கு எவ்வளவு நேரம்தான் உள்ள வச்சிருப்பாங்க?

— உள்ள நடக்கறது ஸ்கேன் இல்லக்கா. காலையிலேயே கையெழுத்து போட்டுட்டேன். மூக்கை மட்டும்தான் சுத்தம் பண்ணுவாங்கன்னு அவர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன்.