சிரட்டைக் கனல்

பழைய வண்டி வாங்கப் போகிறவன் முதலில் பார்க்க வேண்டியது வண்டியை அல்ல, அது நின்ற தரையை. தரையில் எண்ணெய்ப் பொட்டு இருந்தால், விற்கிறவன் என்ன சத்தியம் செய்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. ஹார்ன் அடிப்பார்கள். கதவை இரண்டு தரம் அறைந்து சாத்துவார்கள். டயருக்கு ஒரு உதை. பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த வண்டியில் யாராவது செத்திருக்கிறார்களா என்று கேட்பார்கள். இல்லை என்று பதில் வந்தால் போதகரைக் கூப்பிட்டு ஸ்டீயரிங்கில் கைவைத்து ஜெபிக்கச் சொல்லி ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். பிரேக் பிடிக்குமா என்பது கர்த்தருக்கும் வண்டிக்கும் உள்ள விவகாரம்.

நான் அப்படி வாங்கவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார். கிளீட்டஸ் விற்ற இரண்டு குட்டியானை மினி லாரிகளையும் அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஏழு வருஷம் சென்னையில் கால்சென்டரில் இரவு வேலை பார்த்தவன் நான். அமெரிக்காவில் பொட்டலம் வந்து சேராதவர்கள் எல்லாம் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். ஒரு பொருள் ஏன் நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்பதை என்னைவிட அறிந்தவன் தக்கலை வட்டாரத்தில் கிடையாது. அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து சொந்தமாக டெலிவரி தொடங்கினேன். விட்டுவிட்டு என்று நான் சொல்கிறேன். என் மனைவி ஞானசெல்வி வேறு மாதிரிச் சொல்லியிருக்கக்கூடும்.

செல்வதாஸ் அவளுடைய தம்பி. இரண்டு ஸ்கூட்டர், ஒரு பழைய லோடு ஆட்டோ, இவ்வளவுதான் எங்கள் தொழில். திட்டம் என்னுடையது. ஓட்டியது அவன். பொருள் கொண்டுபோகிறவன் பொருளைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். இவன் உட்கார்ந்து கட்டன்சாயா குடிப்பான். சிலிண்டர் மாட்டிக் கொடுப்பான். ஃபியூஸ் போன பல்பை மாற்றுவான். நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தவனைப் பார்த்து, "வந்தியா மக்கா" என்று பல்லைக் காட்டுகிற சனம் இது. வண்டியில் என் பெயரைத்தான் ஒட்டியிருந்தேன், ‘ஜெபிஷ் டெலிவரி’ என்று. ஊரில் அதற்குப் பெயர் ‘செல்வதாசுக்க வண்டி’. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

தொழில் பெரிதாக வேண்டுமென்றால் பெட்டி வைத்த வண்டி வேண்டும். மழைக்காலத்தில் கேக்கையும் ரொட்டியையும் தார்ப்பாய் போட்டு எத்தனை நாள் கொண்டுபோவது? குளச்சல் பக்கத்தில் கிளீட்டஸ் என்று ஒருவர். மீன் வியாபாரத்தை முடித்துக்கொண்டு மஸ்கட்டில் மகனோடு இருக்கப் போகிறார். இரண்டு வண்டியும் மலிவு. பெட்டிகள் அருமையானவை. உள்ளே தகரம், நடுவில் தெர்மோகோல், கதவைச் சுற்றி ரப்பர். வெளியே நீளமான இரும்புத் தாழ். உள்ளிருந்து திறக்க ஒன்றும் கிடையாது. மீனுக்கு அது தேவைப்படாது.

கிளீட்டஸ் உண்மை பேசுகிற மனுஷன். அதனால்தான் அவருக்கு வியாபாரம் படியவில்லை.

"மக்கா, இது மீன் கேறுன பெட்டி. இதுல என்னத்த ஏத்துனாலும் அதுவும் மீனாயிரும். நீ சிமெண்டு ஏத்து, ஓடு ஏத்து. திங்கிய சாதனம் ஏத்தாண்டாம்" என்றார்.

நான் கேட்டுக்கொண்டு, கேக் ஏற்றினேன்.

முதல் பெரிய ஓட்டம் சத்தியபாயின் கல்யாணக் கேக், மூன்று அடுக்கு. சத்தியபாய் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள், எங்கள் பழைய வாடிக்கை. மறுநாள் காலையில் ஒரு துண்டைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டாள்.

"மணந்து பாரும். மண்டபத்துல வச்சு மாப்பிள வீட்டுக்காரரு எனக்க மூஞ்சியப் பாத்து கேக்காரு, கேக்குல முட்டை போட்டியளா, சாளை மீன் போட்டியளான்னு."

செல்வதாஸ் சிரித்துவிட்டான். அவனைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள். இந்த ஊரில் எல்லாமே இப்படித்தான் முடியும். போகும்போது அவனிடம் மட்டும் சொன்னாள்: "நீ பழைய ஆட்டோவுலயே கொண்டு வா மக்கா. ஜெபிஷுக்க மீன்வண்டி எனக்கு வேண்டாம்."

நல்லபடி ஓடியவரை செல்வதாசுக்க வண்டி. நாறியபோது ஜெபிஷுக்க வண்டி. ஒரு வாரத்தில் தக்கலைச் சந்தையில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. டீக்கடையில் நான் போய் நின்றால் ஒருவன் மூக்கைப் பொத்துவான். மற்றவர்களுக்கு அது பெரிய நகைச்சுவை. வாரம் முழுக்க மீனைத் தின்று கைகழுவாமல் திரிகிறவர்கள்.

புளி தேய்த்தேன். சாயா போட்டு மிஞ்சிய தேயிலைச் சண்டு தேய்த்தேன். எலுமிச்சை, பினாயில், சோடா உப்பு. போகவில்லை. கிளீட்டஸுக்குப் போன் செய்தேன்.

"தேங்காச் சிரட்டைக் கனலு போடணும். ரெண்டு சட்டி நெறைய கனலும் சாம்பிராணியும் வச்சு, கதவை இறுக்கிச் சாத்திரு. நாலஞ்சு நாளு செய்யணும். பின்ன ஒண்ணு கேட்டுக்கோ. தொறந்த ஒடனே உள்ள கேறாண்டாம். புகை போனாலும் வெசம் நிக்கும். எங்க கடற்கரையில ஒருத்தன் கேறி அப்படியே சரிஞ்சிட்டான். ரெண்டு நிமிசம் கூட ஆவல்ல."

கவனமாகக் கேட்டுக்கொண்டேன். செல்வதாஸிடம் அதைச் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

எங்கள் ஷெட் முன்பு ரப்பர் ஷீட் உலர்த்திய இடம். பக்கத்தில் வீடு கிடையாது. ஐஸ் தண்ணீர் வடிகிற ஓட்டையைத் துணியால் அடைத்து, புகை வீணாகாமல் முதல் வண்டியில் தொடங்கினேன். ஒவ்வொரு நாளும் வாடை கொஞ்சம் குறைந்தது. என் மூக்குக்குத் தெரிந்தது. நான்காம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் கனல் வைத்து அரை மணி நேரம் ஆகியிருக்கும், செல்வதாஸ் வந்தான்.

"அத்தான், போதும். கிளீட்டஸ் அண்ணன்கிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமை ரெண்டு வண்டியையும் திரிச்சு எடுத்துக்கிடுகேன்னு சொல்லிட்டாரு."

"யாரைக் கேட்டுப் பேசினே?"

"அக்காகிட்ட கேட்டேன். அவளும் அதான் நல்லதுன்னா. நமக்கு ஆட்டோ போரும் அத்தான். சனங்க நம்மள விட்டுப் போவமாட்டாவ."

நம்மள என்றான். அவனை என்று அர்த்தம்.

"இன்னும் ஒரு மணிக்கூர் இருந்தா செரியாவும்" என்றேன்.

"நாலு நாளா இதத்தான் சொல்லுகிய" என்று சிரித்துக்கொண்டே தாழை எடுத்தான். தோளில் கிடந்த துவர்த்தை மூக்கில் கட்டிக்கொண்டு, சட்டிகளை வெளியே எடுக்க உள்ளே ஏறினான். நான் எடுக்காதே என்றுதான் சொன்னேன். கனலை எடுக்காதே என்று. ஏறாதே என்று சொல்லவில்லை. வித்தியாசம் உங்களுக்குப் புரியும்.

கதவைச் சாத்தினேன். தாழைத் தூக்கி வளையத்தில் போட்டேன். கோபத்தில் செய்ததாக எழுத வேண்டாம். கோபம் இருந்திருந்தால் கை நடுங்கியிருக்கும். அந்தத் தாழ் கனமானது, நடுங்குகிற கையால் போட முடியாது.

முதலில் அவன் விளையாட்டு என்று நினைத்தான். "அத்தான், கண்ணு எரியுகு, தொறங்க" என்றபோது குரலில் சிரிப்பு இருந்தது. பிறகு தட்டினான். பிறகு வெறும் அத்தான், அத்தான் என்று. அப்போது என் போன் அடித்தது. சத்தியபாய்.

"செல்வதாஸ் எங்க? போனு எடுக்கல்ல."

"ஜோலியா நிக்கான். எங்கிட்ட சொல்லுங்க."

"இல்ல, நான் அவன்கிட்டயே சொல்லிக்கிடுகேன்." வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு உள்ளே சத்தம் இல்லை. அவள் என்னிடம் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் ஒருவேளை திறந்திருப்பேன். நியாயமாகப் பார்த்தால் நீங்கள் அவளையும் விசாரிக்க வேண்டும்.

ஒரு மணிக்கூர் என்று சொல்லியிருந்தேன். ஒரு மணிக்கூர் வைத்தேன். சொன்ன நேரத்தைக் காப்பாற்றுகிறவன் அந்தத் தொழிலில் நான் ஒருவன்தான்.

காற்றில் கதவு சாத்திக்கொண்டது என்று சொன்னபோது ஊரே நம்பியது. சவ அடக்கத்துக்கு அப்படியொரு கூட்டம். சிலிண்டர் மாட்டிக் கொடுத்தவனுக்கு இவ்வளவு அழுகை. இரும்புத் தாழ் காற்றில் தானாகத் தூக்கிக்கொண்டு வளையத்துக்குள் விழாது என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கே மூன்று நாள் ஆனது. ஞானசெல்வி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அவன் உங்கள விளிச்சானா?" இல்லை என்றேன். அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான். இப்போது இங்கே வந்து என்னைப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறாளாம். நன்றி கெட்ட குடும்பம்.

கதவைத் திறந்ததும் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். கிளீட்டஸ் சொன்னபடி கொஞ்ச நேரம் தள்ளி நின்றேன். பிறகு கிட்டே போய் தலையை உள்ளே நீட்டினேன். அவன் இரண்டு சட்டிக்கும் நடுவில் குப்புறக் கிடந்தான். ஒரு கை கதவு விளிம்பு வரை வந்திருந்தது. நான் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். கரி, சாம்பிராணி. மீன் வாடை துளியும் இல்லை. நான் சொன்னபடி அவன் ஒரு மணிக்கூர் பொறுத்திருந்தால், அவனே மணந்து பார்த்திருப்பான்.